மரம் முளைக்கும் முன்பே பாழான கோயில்கள்

கரிசல் பூமி வரலாற்றுத் தொடர் – 17

சென்ற இதழில் பாஞ்சாலங்குறிச்சி அழிந்ததையும், கடம்பூரும் எட்டயபுரமும் பாளையங்களாக இருந்து ஜமீன்களாக மாறியதையும் பார்த்தோம். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட நாள் 1799 அக்டோபர் 16. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கம்பெனிப் படை தரைமட்டமாக்கி, அந்த மண்ணை உழுது ஆமணக்கு விதைத்த ஆண்டு 1801. ஒரு கோட்டையின் அழிவுக்கு இப்படி நாளும் ஆண்டும் உண்டு, இடித்தவர் பெயரும் உண்டு. கோயில்களின் அழிவுக்குப் பெரும்பாலும் இவை எதுவும் இருப்பதில்லை. தென்னாட்டில் எத்தனையோ ஊர்ப்புறங்களில் கருவறைச் சுவரை அரசமர வேர் பிளந்திருக்கிறது, மண்டபத் தூண்களுக்கிடையே உடைமுள் அடைத்திருக்கிறது, கல்வெட்டுள்ள அதிட்டானம் பாதி மண்ணுக்குள் கிடக்கிறது. எப்போது, யாரால், எதனால் என்று கேட்டால் ஊரில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: மரம் முளைத்துப் பாழாகிவிட்டது. அந்தப் பதில் சரிதானா என்பதை இந்த இதழில் ஆராய்வோம்.

இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இது: மரம் கோயிலைப் பாழாக்குவதில்லை, பாழான கோயிலில்தான் மரம் முளைக்கிறது. கோயிலைப் பராமரிக்க வைத்திருந்த நிலமும் முதலும் கைமாறிப்போகும்போது, அவற்றுக்குக் கணக்குக் கேட்கும் ஊர் கலைந்துபோகும்போது, கோயிலின் அழிவு தொடங்கிவிடுகிறது. மரம் அதற்கு இருபது முப்பது ஆண்டு கழித்து நம் கண்ணுக்குத் தெரியும் அடையாளம். இந்த வரிசையைச் சரியாகப் பிடித்துக்கொள்வது முக்கியம். மரத்தைக் குற்றம் சொல்லிவிட்டால் அதை வெட்டியதோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடுவோம். உண்மையான காரணம் அப்படியே இருக்கும். அடுத்த மழைக்கு அதே இடுக்கில் அதே மரம் மறுபடி தழைக்கும்.

முதலில் மரம் கட்டடத்துக்குள் எப்படி வருகிறது என்பதைப் பார்ப்போம். நம் பக்கத்துக் கோயில்களில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளமும் சுவரும் கல், மேலே விமானமும் கோபுரமும் செங்கல்லும் சுதையும். ஆல், அரசு, இச்சி ஆகிய மரங்களின் பழத்தைத் தின்ற பறவை விமானத்தின் மேல் எச்சமிடுகிறது. சுதை வெடித்த இடுக்கில் தூசியும் ஈரமும் சேர்ந்திருந்தால் விதை முளைக்கிறது. முதல் ஆண்டு அது நான்கைந்து இலைகொண்ட செடி; இரண்டு விரலால் கிள்ளி எறிந்துவிடலாம். மூன்றாம் நான்காம் ஆண்டில் அதன் வேர், சுண்ணாம்புக் காரையில் ஈரத்தைத் தேடிச் செங்கல் வரிசைகளுக்கிடையே நுழைந்துவிடும். அதன்பின் செடியைப் பிடுங்கினால் காரையும் கல்லும் சேர்ந்து வரும். வேர் தரையைத் தொட்டுவிட்டால் அது மரம். கல்லை நகர்த்தும் வலு அதற்கு வந்துவிடும். கரிசலில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. கோடையில் கரிசல் மண் கைவிட்டுப் பார்க்கும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறி உப்பும். அடியில் இருக்கும் சுக்கான்பாறை வரை தோண்டி அடித்தளம் போடாத சுவர் ஆண்டுதோறும் அசைந்துகொண்டே இருக்கும். விதை வந்து விழுவதற்கு முன்பே மண் இடுக்கைத் திறந்து வைத்திருக்கிறது. ஆக, கைக்கு அடங்கும் செடி கல்லைப் பிளக்கும் மரமாக வேண்டுமென்றால், பல ஆண்டுகள் ஒரு கையும் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருக்க வேண்டும்.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பரைச் சிற்பிகள் கையில் உழவாரப் படையோடுதான் காட்டுகிறார்கள். தரையிலும் மதிலிலும் முளைத்த புல்லையும் செடியையும் செதுக்கி எடுக்கும் கருவி அது. சைவ மரபின் தலையாய அடியார்களில் ஒருவர் கையில் கொத்திச் செதுக்கும் கருவி இருக்கிறதென்றால், செடி நீக்குவதை அந்தச் சமூகம் எத்தனை பெரிய தொண்டாக மதித்தது என்பதை நாம் உணர வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்ற வழக்கத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பாலாலயம் செய்து, கோபுரத்துக்குச் சாரம் கட்டி, முளைத்த செடிகளை வேரோடு நீக்கி, விரிசல்களைச் சுண்ணாம்பால் அடைத்து, அஷ்டபந்தன மருந்தைப் புதிதாகச் சாத்துகிறார்கள். சமய நோக்கில் அது தெய்வத்துக்கு மறுபடி ஆற்றல் ஏற்றும் சடங்கு. கட்டட நோக்கில், வேர் மீளமுடியாத சேதம் செய்வதற்குள் ஒருமுறையாவது கோபுரத்தின் உச்சிவரை ஆள் ஏறிப் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம். இந்தச் சுற்றில் இரண்டு மூன்று விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாழடைந்த கோயில்களே சாட்சி.

இந்தப் பணியெல்லாம் பக்தியால் மட்டும் நடக்கவில்லை. அதற்குப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். கோயிலைப் புதுக்குவதற்கென்றே விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் புதுக்குப்புறம் என்று குறிக்கின்றன. பூசைக்கு வேறு, விளக்குக்கு வேறு, பழுதுபார்க்க வேறு என்று தனித்தனிக் கணக்கு. நம் மாவட்டத்திலேயே இதற்குப் பெரிய சான்று திருச்செந்தூரில் இருக்கிறது. இரண்டாம் வரகுண பாண்டியன் ஒன்பதாம் நூற்றாண்டில் அக்கோயிலின் ஆண்டுச் செலவுக்காக 1400 காசு கொடுத்தான். அந்தக் காசைக் கோயில் பெட்டியில் பூட்டிவைக்கவில்லை. கொற்கை முதலான பல ஊர்களின் சபைகளிடம் பிரித்துக் கொடுத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டியாக அளக்கச் செய்தான். முதல் கெடாமல் நிற்கும். ஆண்டுக்கு 2800 கலம் நெல் வந்துகொண்டே இருக்கும். நெல் விளையாத வறண்ட நிலத்தில் இதே ஏற்பாடு ஆடுகளைக்கொண்டு நடந்தது. ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு என்பது பரவலான வழக்கம். மந்தை பெருகிக்கொண்டே இருக்கும் என்பதால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். இந்த ஏற்பாடுகளின் வலுவும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஊர்ச்சபை இருக்கும்வரை, குளத்தில் தண்ணீர் நிற்கும்வரை, இடையர் குடிகள் ஊரில் இருக்கும்வரை கோயில் நிற்கும். இவற்றில் ஒன்று போனாலும் கோயிலின் வரும்படியில் ஓட்டை விழும்.

இதை உறுதிசெய்யக் கடல் கடந்து கம்போடியாவுக்குப் போகலாம். காடு விழுங்கிய கோயில் என்றதும் உலகம் முழுவதும் நினைவுக்கு வருவது அங்குள்ள தா புரோம். ஏழாம் ஜெயவர்மன் 1186 இல் எடுப்பித்த அந்த வளாகத்தின் கல்வெட்டு ஒரு கணக்கைத் தருகிறது: வளாகத்துக்குள் வாழ்ந்தவர்கள் 12,640 பேர், அதைத் தாங்க விடப்பட்ட ஊர்கள் 3,140, அந்த ஊர்களிலிருந்து உழைத்தவர்கள் 79,365 பேர். ஓர் அரசின் முழு வலுவும் நின்றால்தான் அப்படியொரு கோயில் நடக்கும். தலைநகரம் அங்கோரிலிருந்து தெற்கே நகர்ந்தபின் அந்த ஊர்கள் கலைந்தன. கோயிலின் கூரைமேல் பெருமரங்கள் ஏறின. ஆனால் அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் அங்கோர் வாட் அப்படி மூழ்கவில்லை. அதே மழை, அதே காடு, அதே மணற்கல், அதே அரசின் வீழ்ச்சி. வேறுபாடு இரண்டே. அங்கோர் வாட்டைச் சுற்றி அகன்ற அகழி இருந்தது. அதைவிட முக்கியமாக, விஷ்ணுவுக்கு எடுத்த அந்தக் கோயில் பௌத்த வழிபாட்டிடமாக மாறி, பிக்குகள் தொடர்ந்து அங்கே இருந்தார்கள். தெய்வம் மாறியும் ஆள் நடமாட்டம் நிற்கவில்லை, ஆகையால் கட்டடம் தப்பியது. மரம்தான் காரணம் என்றால் இரண்டும் ஒன்றுபோல் அழிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இதே பாடம் கங்கைகொண்ட சோழபுரத்தில் இருக்கிறது. முதலாம் இராசேந்திரன் அங்கே ஒரு தலைநகரத்தையும், அதற்கு உயிர்நாடியாகச் சோழகங்கம் என்ற பேரேரியையும் அமைத்தான். சோழ ஆட்சி 1279 வாக்கில் முடிந்தபின் நகரம் கலைந்தது, ஏரி பராமரிப்பின்றித் தூர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பகுதியைப் பற்றி எழுதியவர்கள் 16 மைல் நீளக் கரையும், ஏரியின் உள்வாயில் மண்டிய காடும், அந்தக் காட்டுக்கு நடுவே நின்ற கோயிலும் என்றுதான் பதிந்தார்கள். ஏரியிலும் கோயிலைச் சுற்றியும் ஒரே காடு வளர்ந்ததற்குக் காரணமும் ஒன்றுதான். இன்னொரு செய்தியையும் மறக்கக்கூடாது. 1836 இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, இந்தக் கோயிலின் மதிலையும் புறக் கட்டடங்களையும் உடைத்துக் கல் கொண்டுபோனார்கள். பல நூறாண்டுக் காடு செய்யாததைச் சில ஆண்டுகளில் மனிதர் செய்தார்கள். கேட்க நாதியற்ற கட்டடம் என்றான பிறகுதான் வேரும் கடப்பாரையும் உள்ளே வந்தன.

கரிசலுக்கே திரும்பினால், கழுகுமலை இந்த வாதத்துக்கு எதிர்த்திசையிலிருந்து ஒளி தருகிறது. கரிசல் வெளியின் நடுவே திடுமென எழும் அந்தப் பாறை மலையில், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில் இருக்கிறது. மேலிருந்து கீழாகப் பாறையைக் குடைந்து செதுக்கிக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்திவிட்டார்கள். சிகரமும் அதன் கீழுள்ள பூதகணங்களும், மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியும் முழுமை பெற்றிருக்க, அடிப்பகுதி செதுக்காத பாறையாகவே நிற்கிறது. முற்றுப்பெறாததால் முறையான நித்திய பூசை அதற்கு அமையவில்லை. பன்னிரண்டாண்டுச் சுற்றும் இல்லை. இருந்தும் மிருதங்கத்தின் மேல் படிந்த விரல்கள் வரை இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. அப்படியானால் பராமரிப்பே இல்லாமல் ஒரு கோயில் நிற்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அது ஒரே கல். அங்கே இணைப்பும் இல்லை, காரையும் இல்லை, விதை நுழைய இடுக்கும் இல்லை. கட்டிய கோயிலுக்கு இடுக்கு உண்டு. அந்த இடுக்கை ஆண்டுதோறும் யாராவது அடைத்தாக வேண்டும். வெட்டுவான் கோயிலின் விதிவிலக்கு, மற்றக் கோயில்களுக்கு மனிதக் கை எவ்வளவு இன்றியமையாதது என்பதையே காட்டுகிறது.

கரிசலில் அந்தக் கை எப்போது விலகியது? ஒரே நாளில் அல்ல, படிப்படியாக. பாளையக்காரர் காலத்தில் கோயில் மானியம், கண்மாய் மராமத்து, காவல் மூன்றும் ஒரே அதிகாரத்தின் கீழ் இருந்தன. 1802 இன் நிரந்தர நிலவரி ஒழுங்குமுறைக்குப்பின் பாளையக்காரர் வரி கட்டும் ஜமீன்தார் ஆனார். குறித்த தேதியில் கிஸ்தி கட்டுவது முதல் கடமை ஆனது. சென்னை அரசு 1817 இல் கோயில் அறக்கட்டளைகளை ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் கொண்டுவந்தது. பின்னர் கிறித்தவ அரசு இந்துக் கோயில்களை நிர்வகிப்பதா என்ற எதிர்ப்பு இங்கிலாந்தில் எழ, அந்தப் பொறுப்பிலிருந்து விலகத் தொடங்கி, 1863 இன் சட்டத்தோடு முழுதாகக் கைகழுவியது. பெரிய கோயில்களுக்கு வழக்காடவாவது ஆள் இருந்தது. வரும்படி குறைந்த சிறு கோயில்களுக்கு அதுவும் இல்லை. 1876 இல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை திறந்தபோது கரிசல் பருத்தி நேரே துறைமுகத்துக்குப் போனது. அதே ஆண்டில் தொடங்கிய பெரும்பஞ்சம் குடிகளைச் சிதறடித்தது. 1948 இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் உழவருக்கு நிலத்தைத் தந்தது. அது நீதியான சட்டம். ஆனால் ஜமீன் குடும்பங்கள் வழக்கமாகச் செய்துவந்த திருப்பணிகளை யார் தொடர்வது என்ற கேள்விக்குப் பல ஊர்களில் பதில் கிடைக்கவில்லை. இந்த இடைவெளியில்தான் 1950களுக்குப் பிறகு விறகுக்கென்று பரப்பிய சீமைக்கருவேலம் வந்து புகுந்தது. கண்மாயின் உள்வாயிலும் கோயிலின் பிராகாரத்திலும் அது ஒரே காலத்தில் நுழைந்தது தற்செயல் அல்ல. மடையைத் திறந்து அடைக்கும் மடைக்குடும்பன் இல்லாத கண்மாயும் மானியம் இல்லாத கோயிலும் அதற்கு ஒன்றுதான்.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளைப் பார்க்க வேண்டும். கோயில்கள் அழிந்ததற்குப் படையெடுப்புகள் காரணம் இல்லையா என்பது முதல் மறுப்பு. படையெடுப்புகள் நடந்தன; சேதம் உண்மை. ஆனால் 1311 இல் மாலிக் கபூர் படையால் சூறையாடப்பட்டு, அதன்பின் சுல்தானியக் காலத்தில் வழிபாடும் நின்றுபோன மதுரைக் கோயில், விஜயநகரத்துக் குமார கம்பணன் வந்தபின் மீண்டது. 1646 முதல் 1648 வரை டச்சுக்காரர் பிடித்து வைத்திருந்த திருச்செந்தூர்க் கோயில் இன்றும் நிற்கிறது. போர்த்துக்கீசியர் இடித்த மன்னார்த் திருக்கேதீச்சரம் பல தலைமுறை காட்டுக்குள் புதைந்து கிடந்தது உண்மை. ஆறுமுக நாவலர் 1872 இல் அதை மீட்க அழைப்பு விடுத்தபின், யாழ்ப்பாணத்துச் சைவர்களும் நகரத்தாரும் பொருள் திரட்டியதும் அதுவும் எழுந்தது. ஒரு கோயில் இடிபடுவதைப் படை தீர்மானித்திருக்கலாம். அது இடிந்தபடியே கிடப்பதா என்பதை ஊர்தான் தீர்மானித்தது.

இரண்டாவது மறுப்பு மரத்தின் பக்கம் நின்று பேசுவது. மரமும் தெய்வம்தானே, தல விருட்சம் இல்லாத கோயில் உண்டா, தா புரோமில் மரங்களை விட்டுத்தானே வைத்திருக்கிறார்கள் என்பார்கள். தல விருட்சம் பிராகாரத்தில் பாத்தி கட்டி வளர்த்த மரம். அதன் வேர் எங்கே போகலாம் என்பதற்குத் திட்டம் இருந்தது. விமான இடுக்கில் முளைத்த இச்சிக்கும் அதற்கும் உறவில்லை. தா புரோமிலும் மரங்களைச் சும்மா விட்டுவிடவில்லை. எந்த மரம் சுவரைத் தாங்குகிறது, எது தள்ளுகிறது என்று பார்த்து, தாங்கு கொடுத்து, விழுந்த மண்டபங்களை மறுபடி அடுக்கும் வேலையில் இந்தியத் தொல்லியல் துறையே பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறது. கரிசலில் கோயிலைச் சூழ்ந்திருக்கும் சீமைக்கருவேலமோ பழங்காடே அல்ல. வெளியிலிருந்து வந்து சில தலைமுறைகளில் பரவியது. அதை அகற்றுவதால் எந்தத் தொன்மையும் கெடாது. வேம்பும் வன்னியும் சுவரிலிருந்து தள்ளி நிற்குமானால் நிற்கட்டும்.

மூன்றாவது மறுப்புதான் மிகக் கடுமையானது: மரம் விட்டுவைத்ததைத் திருப்பணி அழித்துவிடுகிறது. இதை மறுக்க முடியாது. மணல் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்ததில் எழுத்து மழுங்கிய கல்வெட்டுகளும், சிமெண்டும் பெயிண்டும் மூடிய சிற்பங்களும், பளபளக்கும் டைல்ஸுக்கு அடியில் போன தரைக்கற்களும் நம் காலத்தின் குற்றங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் பழங்கோயில் பாதுகாப்புக்காக 75 கட்டளைகள் பிறப்பிக்க வேண்டிவந்தது இதனால்தான். ஆனால் இந்த மறுப்பு நம் வாதத்தை முறிக்கவில்லை, பலப்படுத்துகிறது. ஐம்பது ஆண்டு திரும்பிப் பாராமல், ஒருநாள் நன்கொடை திரட்டி ஒரே மூச்சில் புதுக்குவதால்தான் இத்தனை சேதம். ஆண்டுக்கு ஒருமுறை செடி கிள்ளி, கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்த சுண்ணாம்பால் இடுக்கை அடைத்து வந்த கோயிலுக்கு, சுவரையே பெயர்க்கும் திருப்பணி தேவைப்படாது.

கடைசிச் சான்று நம் ஓடைக்கரைகளிலேயே இருக்கிறது. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்தில் உடங்காட்டுக்குள் நிற்கும் எத்தனையோ சாஸ்தா கோயில்களுக்குக் கல்வெட்டு இல்லை, அரசன் விட்ட நிலம் இல்லை. ஆனாலும் அவை துப்புரவாக இருக்கின்றன. சென்னையிலோ மும்பையிலோ பிழைக்கப் போனவர்களும் பங்குனி உத்திரத்துக்கு வந்து சேர்கிறார்கள்; தலைக்கட்டு வரி பிரிக்கிறார்கள்; வருவதற்குமுன் பாதை வெட்டி, முள் அகற்றி, வெள்ளையடிக்கிறார்கள். அரசன் கொடுத்த 1400 காசும் ஊர்ச்சபையோடு போயிற்று. தலைக்கட்டு வரி நிற்கிறது, ஏனென்றால் கொடுப்பவர் இன்னும் இருக்கிறார், கணக்குக் கேட்பவரும் இருக்கிறார். பழங்கோயில்களுக்கு நாம் திரும்பத் தர வேண்டியது இந்த ஏற்பாட்டைத்தான்.

ஆகவே மரம் மூடிய ஒரு கோயிலைப் பார்க்கப் போகும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். முதலில் அந்த ஊர்க் கண்மாயைப் பாருங்கள். கோயிலின் கதையில் பாதி அங்கே இருக்கும். சுவரில் இறங்கிய வேரை ஆர்வத்தில் பிடித்து இழுக்காதீர்கள், கல் சரியும். எழுத்துள்ள கல்லைப் படமெடுத்து, அது கிடக்கும் இடத்தைக் குறித்து மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். அந்தக் கோயிலுக்கு நிலம் இருந்ததா, இப்போது யார் கையில் இருக்கிறது என்று இந்து சமய அறநிலையத் துறையிடம் எழுதிக் கேளுங்கள். உங்கள் ஊரில் இன்னும் நிற்கும் கோயிலாக இருந்தால், மழை முடிந்த மார்கழியில் ஆண்டுக்கு ஒருநாள் ஏணி வைத்து மேலே ஏறிச் செடி கிள்ள ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒருநாள் கூலி. அதைச் செய்யத் தவறினால், நம் பேரப்பிள்ளைகளும் மரத்தின்மேல்தான் பழி போடுவார்கள்.

அடுத்த இதழில்: கரிசல் கண்மாய்களும் குடிமராமத்தும்.